நாற்பதைத் தாண்டிய பாம்பர்மேன்: ஒரு திரை போதும், நான்கு பேர் வேண்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ராம் எவ்வளவு வேண்டும்? ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? கிராபிக்ஸ் கார்டு அவசியமா? சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் நானும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்து விடுவேன். வாங்கிய கம்ப்யூட்டரை வீட்டில் எந்த இடத்தில் வைப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கடலூரில் இருக்கும் என் அக்கா ஒருத்திதான் அதைக் கேட்டாள். அவள் மகன் எட்டாம் வகுப்பு. "படிக்கிற பையன், தொந்தரவு இல்லாம இருக்கட்டும். தனி ரூம்ல வச்சிடுக்கா" என்று சொன்னேன். நல்ல ஹெட்போன் ஒன்றையும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பொங்கலுக்குப் போனேன். பையன் சாப்பிட மட்டும் வெளியே வந்தான். மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து அவ்வப்போது அவன் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரிக்கிறான், யாரோடு சிரிக்கிறான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மதிப்பெண் குறையவில்லை, கெட்ட பழக்கமும் இல்லை. ஆனாலும் அக்கா சொன்னாள்: "நீ சொன்ன மாதிரிதான்டா வச்சோம். ஆனா வீட்ல ஒரு ஆள் கொறஞ்சிட்ட மாதிரி இருக்கு."

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தது பாம்பர்மேன். நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்து வரும் இந்த விளையாட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தால், அக்காவிடம் நான் எங்கே தவறு செய்தேன் என்பது விளங்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் அது பயன்படலாம்.

யார் இந்தப் பாம்பர்மேன்?

ஜப்பானின் சப்போரோ நகரில் 1973ஆம் ஆண்டு, அமெச்சூர் ரேடியோ சாதனங்கள் விற்கும் கடையாகத் தொடங்கியது ஹட்சன். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி 'ஹட்சன் சாஃப்ட்' ஆனது. இந்நிறுவனம் 1983இல் ஜப்பானிய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காகத் தயாரித்த சிறிய விளையாட்டுத்தான் முதல் பாம்பர்மேன். ஆம், இது பிறந்தது கம்ப்யூட்டரில்தான்! அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் 'எரிக் அண்ட் தி ஃப்ளோட்டர்ஸ்' என்ற பெயரில் வந்தது. 1985இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் சாதனத்துக்கு வந்தபோதுதான் நமக்குத் தெரிந்த வெள்ளை உருவம் அதற்குக் கிடைத்தது. அந்த உருவமும் புதியது அல்ல. ஹட்சன் அதற்கு முன் ஃபேமிகாமுக்குக் கொண்டு வந்த 'லோடு ரன்னர்' விளையாட்டில் நம்மைத் துரத்தும் ரோபோவையே எடுத்து இங்கே கதாநாயகன் ஆக்கி விட்டார்கள்.

விளையாடும் முறை மிக எளிது. மேலிருந்து பார்ப்பது போன்ற ஒரு கட்டம். நடுநடுவே உடையாத தூண்கள், உடைக்கக் கூடிய செங்கல் சுவர்கள். ஒரு பட்டனைத் தட்டினால் குண்டு வைக்கலாம். சற்று நேரத்தில் அது கூட்டல் குறி வடிவில் நான்கு பக்கமும் வெடிக்கும். அதற்குள் நாம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி விட வேண்டும். நாம் வைத்த குண்டிலேயே நாமும் போய்ச் சேரலாம் என்பதுதான் இதன் சுவாரசியம்.

டி.வி. கேம் நாட்கள்

2000களில் கடலூரில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஃபேமிகாம் என்ற பெயரே தெரியாது. எங்களுக்கு அது 'டி.வி. கேம்'. ஃபேமிகாமைப் பார்த்து மலிவாகச் செய்யப்பட்ட நகல் சாதனங்கள் அவை. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் கேசட் வாங்குவோம். பழைய கேசட்டைக் கொடுத்து, கூடக் கொஞ்சம் பணம் போட்டு வேறு கேசட் மாற்றிக் கொள்வதும் உண்டு. பெட்டியின் மேல் லட்சக்கணக்கில் கேம்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சில பத்துதான். மற்றவை எல்லாம் அதே கேம்கள் வேறு பெயரில்!

அந்தக் கேசட்டுகளில் இருந்தது 1985ஆம் ஆண்டின் பாம்பர்மேன். 50 கட்டங்கள். ஒருவர் மட்டுமே ஆடக் கூடியது. ஆனால் எங்கள் வீட்டில் அதைத் தனியாக ஆடியவர் யாரும் இல்லை. ஒரு உயிர் போனால் ரிமோட் கை மாற வேண்டும் என்பது நாங்களாக வைத்த சட்டம். ஒருவன் ஆட, மற்ற மூவர் "பின்னாடி வருதுடா!" என்று கத்துவோம். கடைசியில் வரும் நீளமான பாஸ்வேர்டை அக்கா தன் ரஃப் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைப்பாள். ஓரெழுத்துத் தப்பினாலும் மறுநாள் முதலில் இருந்து ஆட வேண்டும். அந்தச் சண்டையிலும் நான்கு பேர் இருந்தோம்.

ஒற்றை ஆட்டம் கூட்டாட்டம் ஆனது

எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், நாங்கள் அந்தப் பழைய பாம்பர்மேனை ஆடிக் கொண்டிருந்தபோது ஜப்பானில் அது வேறு உருவம் எடுத்து வெகு காலம் ஆகியிருந்தது. 1990இல் பிசி எஞ்சின் என்ற சாதனத்துக்கு வந்த பாம்பர்மேனில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் மோத முடிந்தது. இத்தனைக்கும் அந்தச் சாதனத்தில் ரிமோட் செருகும் இடம் ஒன்றே ஒன்றுதான்! 'மல்டிடேப்' என்ற சிறு பெட்டியைச் செருகி அதில் ஐந்து ரிமோட்களை இணைத்தார்கள். மின்சார பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடுவது போலத்தான்.

1993இல் வந்த சூப்பர் பாம்பர்மேனில் நான்கு பேர். 1996இல் சேகா சேட்டர்ன் சாதனத்தில் பத்துப் பேர். 1997இல் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு வந்த 'அட்டாமிக் பாம்பர்மேன்' நெட்வொர்க் மூலம் பத்துப் பேரைச் சேர்த்தது.

ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியராக இதைப் பார்க்கும்போது எனக்கு மூன்று விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, மோதும் களம் முழுவதும் ஒரே திரையில் அடங்கி விடுகிறது. யாருக்கும் தனித் திரை தேவையில்லை. இரண்டாவது, கற்றுக் கொள்ள ஒரு நிமிடம் போதும். நான்கு திசை, ஒரு பட்டன். மூன்றாவது, ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்து விடும். தோற்றவர் வெகு நேரம் சும்மா உட்கார வேண்டாம். நேரம் முடியப் போகிறது என்றால் ஓரங்களில் கற்கள் விழுந்து களமே சுருங்கும். ஒளிந்தே ஜெயிக்க முடியாது.

இதே ஹட்சன் நிறுவனம்தான் நிண்டெண்டோவுக்காக 1998இல் 'மரியோ பார்ட்டி'யை உருவாக்கியது. நான்கு பேர் பகடை உருட்டிக் காய் நகர்த்த, நடுநடுவே குட்டிப் போட்டிகள் வரும். 2007இல் வந்த எட்டாம் பாகம் வரை டி.வி.யில் ஆடும் முக்கியப் பாகங்களை ஹட்சனே செய்தது. பிறகு வேறு நிறுவனம் தொடர்ந்தது. 2024இலும் இவ்வரிசையில் 'ஜம்போரி' என்ற புதிய பாகம் வந்தது.

பகடை, காய், நான்கு பேர் என்றதும் நமக்கு என்ன நினைவு வரும்? தாயம்தான்! 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டி.வி. கேம் மூலையில் கிடந்தது. அம்மா தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைத் தேய்த்துத் தாயம் ஆடக் கற்றுக் கொடுத்தார். ரிமோட்டுக்காக அடித்துக் கொண்ட அதே நான்கு பேர் புளியங்கொட்டைக்காக அடித்துக் கொண்டோம். சாதனம் போனது, ஆட்டம் போகவில்லை.

சிதம்பரத்தில் ஒரு கீபோர்டு, நான்கு பேர்

எஞ்சினியரிங் படிக்கச் சிதம்பரம் சென்றேன். அண்ணாமலை நகரில் நண்பர்களோடு ஓர் அறை. அறையில் ஒரே லேப்டாப். அதில் எங்கள் மாலை நேரத்தை எடுத்துக் கொண்டது 'லிட்டில் ஃபைட்டர் 2'. ஹாங்காங்கைச் சேர்ந்த மார்ட்டி வோங், ஸ்டார்ஸ்கி வோங் இருவரும் 1999இல் வெளியிட்ட இலவச விளையாட்டு. பென் டிரைவில் இந்தியக் கல்லூரிகள் எங்கும் சுற்றியது. இதன் சிறப்பு, ஒரே கீபோர்டில் நான்கு பேர் ஆடலாம்.

ஆனால் நான்கு பேர் சேர்ந்து அழுத்தும்போது சில கீகள் வேலை செய்யாது. "நான் அடிச்சேன்டா, அடிக்கவே இல்ல" என்று தினமும் பஞ்சாயத்து. கீபோர்டு கெட்டு விட்டது என்றே நினைத்தோம். கெடவில்லை. சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. நெடுக்கும் குறுக்குமாகச் செல்லும் கோடுகளின் சந்திப்பில்தான் கீகள் இருக்கின்றன. சில இடங்களில் மூன்று கீகளைச் சேர்ந்தாற்போல் அழுத்தினால், நான்காவது கீயும் அழுத்தப்பட்டதா இல்லையா என்று கீபோர்டால் பிரித்தறிய முடியாது. தவறான எழுத்து விழக் கூடாது என்று அது சில கீகளைக் கண்டு கொள்ளாமல் விட்டு விடும்.

இதற்கு வழி மிகச் சுலபம். தெற்கு வீதியில் ஒரு கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த யு.எஸ்.பி. கீபோர்டு ஒன்றை வாங்கி லேப்டாப்பில் செருகினோம். இரண்டு கீபோர்டுகளில் இருந்து வருவதையும் விண்டோஸ் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக் கொள்கிறது. ஆனால் இரண்டுக்கும் தனித்தனிக் கோடுகள் என்பதால் கீகள் முட்டிக் கொள்வதில்லை. அன்றோடு பஞ்சாயத்து தீர்ந்தது.

லேப்டாப் ஒருவனிடம்தான் இருந்தது என்றாலும் போன் எல்லோரிடமும் இருந்தது. ஒருவன் ஹாட்ஸ்பாட் போட, மற்றவர்கள் அதில் இணைந்து 'மினி மிலிஷியா' ஆடுவோம். ஒரு பைசா டேட்டா செலவில்லை. ஆளுக்கொரு திரை என்றாலும், சுட்டவன் பக்கத்துப் பாயில்தான் படுத்திருப்பான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிவானது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. அதே அறை, அதே நண்பர்கள். ஆனால் ஆளுக்கொரு ஹெட்போன், முகம் சுவரைப் பார்த்து. எதிரே ஆடுபவன் எந்த ஊர் என்றே தெரியாது. முதலில் நாங்கள் நால்வரும் ஓர் அணியாக ஆடினோம். பிறகு ஆளாளுக்கு வேறு வேறு அணி கிடைத்தது. எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. கத்துவதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லாமல் போயிற்று. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தபோது நாங்கள் படிப்பை முடித்து வேறு வேறு ஊர்களுக்குப் போயிருந்தோம்.

பாம்பர்மேன் சறுக்கிய இடம்

பாம்பர்மேனுக்கும் இதே கதை நடந்தது. 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360 சாதனத்துக்காக 'பாம்பர்மேன்: ஆக்ட் ஜீரோ' வந்தது. வெள்ளைக் குட்டி உருவம் போய், இரும்புக் கவசம் அணிந்த பயங்கர உருவம். கிராபிக்ஸ் எல்லாம் நவீனம். ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்து பலர் ஆடும் வசதியை எடுத்து விட்டார்கள்! பலரோடு மோத வேண்டும் என்றால் ஆன்லைனில் மட்டும்தான். விமர்சகர்கள் கிழித்துத் தொங்க விட்டார்கள். இந்த வரிசையின் மோசமான பாகம் என்ற பெயர் அதற்கு நிலைத்து விட்டது. 2012 மார்ச்சில் ஹட்சன் நிறுவனமே கொனாமியோடு இணைக்கப்பட்டு மறைந்தது.

மறுபடி பாம்பர்மேன் எழுந்தது 2017இல், 'சூப்பர் பாம்பர்மேன் ஆர்' மூலம். பழைய குட்டி உருவம், பழைய கட்டம், ஒரே திரையில் பலர். அடுத்த ஆண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. பிறகு 64 பேர் இண்டர்நெட்டில் மோதும் 'ஆர் ஆன்லைன்' என்ற பதிப்பு 2020இல் தொடங்கியது. 2022 டிசம்பர் 1 அன்று அதன் சர்வர் மூடப்பட்டது. இன்று அதை யாராலும் ஆட முடியாது. 1985ஆம் ஆண்டுக் கேசட் அக்கா வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய டி.வி. ஒன்று கிடைத்தால் இன்றும் ஓடும் என்றே நினைக்கிறேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்வரை நம்பி இருக்கும் விளையாட்டு, அதை நடத்தும் நிறுவனத்துக்கு இஷ்டம் இருக்கும் வரைதான் உங்களுடையது. நிண்டெண்டோ போன்ற பெரிய நிறுவனமே தன் 3டிஎஸ், வீ யு சாதனங்களுக்கான ஆன்லைன் சேவையை 2024 ஏப்ரலில் நிறுத்தி விட்டது. ஓர் அறையில் நான்கு பேர் ஆடுவதை எந்த நிறுவனமும் நிறுத்த முடியாது.

ஆன்லைன் கெட்டதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். என் சிதம்பரத்து நண்பர்கள் இன்று பெங்களூரு, சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். மாதம் ஒரு முறையாவது நாங்கள் சேர்ந்து ஆட இண்டர்நெட்தான் உதவுகிறது. ஸ்டீம் தளத்தில் 2019இல் வந்த 'ரிமோட் ப்ளே டுகெதர்' வசதியில், ஒருவரிடம் கேம் இருந்தால் போதும். மற்றவர்கள் தூரத்தில் இருந்தே அதே திரையில் சேர்ந்து கொள்ளலாம். என் அக்கா மகனும் பள்ளித் தோழர்களோடுதான் ஆடுகிறான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

என் கருத்து இதுதான். பக்கத்தில் ஆள் இல்லாதபோது ஆன்லைன் நல்லது. பக்கத்தில் ஆள் இருக்கும்போதே கதவை மூடிக் கொள்ள வைத்தால் நல்லதல்ல. கதவை மூடச் சொன்னவன் நான். பழியைப் பையன் மேலோ விளையாட்டின் மேலோ போட முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரை ஹாலில் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்குங்கள். வாரம் ஒரு நாள் அதை ஹாலில் உள்ள டி.வி.யோடு இணைக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் ஒதுக்கும் முன் இரண்டு யு.எஸ்.பி. கேம்பேட் வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் வகைக் கேம்பேட்கள் நான்கு வரை விண்டோஸில் ஒரே நேரத்தில் இயங்கும். பணம் இல்லை என்றால் ஒரு சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டு கூடப் போதும்.

கேம் வாங்கும் முன் விவரப் பட்டியலைப் படியுங்கள். 'ஷேர்டு ஸ்கிரீன்' அல்லது 'லோக்கல் மல்டிபிளேயர்' என்று இருந்தால் ஒரே திரையில் பலர் ஆடலாம். 'ஆன்லைன்' என்று மட்டும் இருந்தால் யோசியுங்கள். முகம் தெரியாத தளங்களில் இருந்து இலவசமாக டவுன்லோட் செய்யாதீர்கள். வைரஸும் கூடவே வரும்.

அக்கா வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஹாலுக்கு மாற்றலாம் என்றதும் பையன் மறுத்து விட்டான். "ஹால்ல வச்சா எல்லாரும் பாத்துக்கிட்டே இருப்பாங்க மாமா" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டோம். மற்ற நாட்களில் அவன் அறையில், ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் டி.வி.யில். இரண்டு கேம்பேட், இரண்டு கீபோர்டு, சூப்பர் பாம்பர்மேன் ஆர்.

முதல் சுற்றில் அக்கா தான் வைத்த குண்டிலேயே செத்துப் போனாள். "இது செல்லாது, எனக்கு இன்னொரு உயிர் வேணும்" என்று மகனிடம் சண்டைக்குப் போனாள். "ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்மா" என்றான் அவன். இருபது வருடத்துக்கு முன் அதே சட்டத்தை எங்களிடம் கறாராகச் சொல்லி ரிமோட்டைப் பிடுங்கியவள் அவள்தான்!

உங்கள் வீட்டிலும் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை முயன்று பாருங்களேன்.